மலைநாட்டில் இருந்து இணையத்தளம் செய்து கொடுப்பவர்களுக்கு: தொடங்கும் வழி

ஒரு டிசைன் கோர்ஸை முடித்துவிட்டு, கையில் லெப்டொப்பும் டேட்டா பெக்கேஜும் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கிற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். இலங்கை மலைநாட்டில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை, எல்ல என்று எங்கே இருந்தாலும் சரி. வேர்ட்பிரஸ், ஃபிக்மா, சிஎஸ்எஸ் என்று தளம் கட்டுகிற கருவிகள் பற்றி எல்லாம் இங்கே கிடையாது. அதற்கு யூடியூப்பில் தமிழிலேயே வேண்டியது இருக்கிறது. வாடிக்கையாளரோடு பழகுகிற பகுதியைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. அதை வரிசையாகச் சொல்கிறேன்.

தொடங்குமுன் ஒரு கேள்வியை மனதில் போட்டு வையுங்கள். தளத்தை ஒப்படைத்துவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போன மறுநாள், அதை யார் பார்த்துக்கொள்வார்? விலை, மொழி, எந்தக் கருவியில் கட்டுவது எல்லாம் இதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்துத்தான் அமையும்.

1. முதல் வேலையைப் பக்கத்திலேயே தேடுங்கள்

பலர் முதல் நாளே அப்வேர்க், ஃபைவர் போன்ற இணைய வேலைச் சந்தைகளில் கணக்குத் திறந்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். திறந்து வையுங்கள், கெட்டுப்போகாது. அதற்கிடையில் எல்ல டவுனில் ஒரு தடவை நடந்து பாருங்கள். கெஸ்ட் ஹவுஸ், ஹோம் ஸ்டே இல்லாத சந்தே இல்லை. அநேகமாக எல்லாருக்கும் முன்பதிவு புக்கிங் டொட் கொம் வழியாகத்தான் வருகிறது. அங்கே தரகுப் பணம் பொதுவாக 15 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 10,000 ரூபா அறைக்கு 1,500 ரூபா போய்விடுகிறது என்று சொன்னால், அதுவரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த முதலாளியும் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார்.

ஆனால் "புக்கிங்கை விட்டுவிடுங்கள், நான் தளம் செய்து தருகிறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சின்ன கெஸ்ட் ஹவுஸின் சொந்தத் தளம் புது ஆட்களை அள்ளிக்கொண்டு வராது. முன்பு வந்து தங்கிப் போனவர், நண்பர் சொல்லிக் கேள்விப்பட்டவர், புக்கிங்கில் பெயரைப் பார்த்துவிட்டுக் கூகுளில் தேடுகிறவர் ஆகியோர் நேரடியாக வந்து சேர ஒரு வாசல் அது. அந்த அளவுக்கு மட்டும் வாக்குக் கொடுங்கள்.

டியூஷன் வகுப்பு, ஸ்டூடியோ, பேக்கரி, வான் ஓட்டுகிறவர், தேயிலைப் பக்கெட் விற்கிறவர் எல்லாரும் நல்ல வாடிக்கையாளர்களே. கோயில் பரிபாலன சபைக்குச் செய்வதானால் பெயருக்காகச் செய்யலாம். தலைவர் மாறும்போது பாஸ்வேர்டும் கூடவே காணாமல் போகும் என்பதை மட்டும் எதிர்பார்த்து வைத்திருங்கள்.

தளமே தேவைப்படாத ஆட்களும் இருக்கிறார்கள். பஸாரில் மரக்கறி விற்கிறவருக்குக் கூகுள் மெப்பில் கடையின் பெயரும், வட்ஸ்அப் பிஸ்னஸும் போதும். அதை அவரிடம் நேராகச் சொல்லி, அந்தப் பதிவை மட்டும் செய்துகொடுத்து ஒரு சின்னத் தொகை வாங்குங்கள். கூகுள் இப்போது பெரும்பாலும் வீடியோ எடுத்துக் காட்டச் சொல்லித்தான் உறுதிப்படுத்துகிறது. தெரு, பெயர்ப்பலகை, கடையின் உட்புறம் எல்லாம் அதில் வர வேண்டும். ஆகவே முதலில் பலகையை மாட்டச் சொல்லுங்கள். லயத்து வீட்டில் இருந்து கேக் செய்து விற்கிற அக்காவுக்கு வீட்டு இலக்கமே இருக்காது, வீட்டைக் காட்டவும் விருப்பம் இருக்காது. அவருக்கு முகவரியை மறைத்து, எந்தெந்த ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார் என்பதை மட்டும் காட்டுகிற வசதி அதில் உண்டு.

2. முதல் சந்திப்பு: லெப்டொப்பைத் திறக்காதீர்கள்

அவருடைய இடத்துக்கே போங்கள். ஃபோன் எங்கே இருக்கிறது, மணி அடித்தால் யார் எடுக்கிறார், விலை எழுதிய தாள் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பேச்சு அநேகமாக இப்படித்தான் தொடங்கும்:

"தம்பி, எல்லாத்தையும் போட்டு நல்லா ஒண்ணு செஞ்சு தாங்க."

"எல்லாம்னா என்னென்ன முதலாளி?"

"அதான் ரூம், சாப்பாடு, டூர், ஃபோட்டோ. வெள்ளக்காரன் பார்த்தா புடிக்கணும்."

இதை வைத்து ஒன்றும் கட்ட முடியாது. "என்ன நிறம் பிடிக்கும்?" என்று கேட்டாலும் பிரயோசனம் இல்லை. நான் கேட்கிற கேள்வி வேறு: "நேத்து வட்ஸ்அப்ல கடைசியா கேட்டவங்க என்ன கேட்டாங்க? காட்டுங்க முதலாளி." அவர் ஃபோனை நீட்டுவார். ஸ்டேஷனில் இருந்து எவ்வளவு தூரம், சுடுதண்ணி இருக்கிறதா, காலை ரயிலுக்கு முன்னால் சாப்பாடு கிடைக்குமா, ஒன்பது வளைவுப் பாலத்துக்கு நடந்து போகலாமா என்று வரிசையாக இருக்கும். முகப்புப் பக்கத்தில் என்ன வர வேண்டும் என்பதை வாடிக்கையாளரின் வாடிக்கையாளர் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார். ஸ்கிரீன்ஷொட் எடுக்க அனுமதி கேளுங்கள். பெயரும் நம்பரும் தெரியாமல் எடுங்கள்.

அடுத்தது, விலையை யார் மாற்றுவார் என்பது. நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலத்துக்கு அறை விலை ஏறிவிடும். நல்லதண்ணியில் சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் உந்துவப் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு முடிகிறது. மற்ற மாதங்களில் ஆள் நடமாட்டம் குறைவு. வருடத்துக்குச் சில தடவையாவது மாறுகிற விலையை மாற்றப் போவது யார்? "மகன் கொழும்புல, அவன் செய்வான்" என்றால் மகனின் நம்பரை அன்றைக்கே வாங்கி, அவரோடும் பேசிவிடுங்கள். "நீங்கதான் தம்பி" என்றால் பராமரிப்புக்கு வருடக் கட்டணம் கேட்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் தளத்தில் விலையே போடாதீர்கள். போன வருட விலை தளத்தில் கிடந்தால் வாசலில் சண்டைதான் வரும். அந்த இடத்தில் "இன்றைய விலைக்கு வட்ஸ்அப் செய்யுங்கள்" என்று ஒரு பட்டன் வைத்தால் போதும்.

அங்கேயே உட்கார்ந்து தொகை சொல்லாதீர்கள். "நாளைக்கு எழுதி அனுப்புறேன்" என்று தேநீரைக் குடித்துவிட்டு எழும்புங்கள்.

3. எழுதி அனுப்புங்கள்

பத்துப் பக்க ஒப்பந்தத்தை நம் ஆட்கள் வாசிக்க மாட்டார்கள். அதைப் பார்த்தாலே சிலர் பயந்துவிடுவார்கள். வட்ஸ்அப்பில் இப்படி ஒன்று போதும்:

"வணக்கம் முதலாளி. நேற்றுப் பேசியபடி, ஐந்து பக்கத் தளம்: முகப்பு, அறைகள், வந்து சேரும் வழி, படங்கள், தொடர்பு. ஆங்கிலத்தில் மட்டும். படங்களும் விபரங்களும் உங்களிடமிருந்து வர வேண்டும். எல்லாம் கைக்குக் கிடைத்த நாளில் இருந்து மூன்று வாரம். திருத்தம் இரண்டு தடவை. டொமைனும் (தளத்தின் முகவரி) ஹோஸ்டிங்கும் (தளத்தை வைத்திருக்கிற இடம்) உங்கள் பெயரில், அந்தக் கட்டணம் வேறு. பாதி முற்பணம், மீதி தளம் திறக்குமுன். சம்மதம் என்றால் 'சரி' என்று ஒரு பதில் போடுங்கள்."

இதில் உயிர்நாடி "எல்லாம் கைக்குக் கிடைத்த நாளில் இருந்து" என்பதுதான். அது இல்லாவிட்டால், படம் தர இரண்டு மாதம் எடுத்தவரே மூன்றாவது வாரம் "எங்க தம்பி வெப்சைட்?" என்று கேட்பார். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டப்படி, மின்னணு வடிவில் இருப்பதாலேயே ஒரு பதிவு செல்லாது என்று சொல்ல முடியாது. இந்தத் தொகைக்கு யாரும் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை என்றாலும், "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்ற பேச்சை அந்த ஒற்றைச் 'சரி' நிறுத்திவிடும்.

தொகையை எப்படிப் போடுவது? பக்க எண்ணிக்கையைப் பெருக்காதீர்கள். கட்டுகிற நேரம், விபரம் சேகரிக்கிற நேரம், ஃபோனில் பேசுகிற நேரம் மூன்றையும் கூட்டுங்கள். புதியவர்கள் கடைசி இரண்டையும் கணக்கிலேயே எடுப்பதில்லை. அவைதான் கூட நேரம் எடுக்கும்.

டொலரில் வருகிற செலவை ரூபாவில் பல வருடத்துக்குச் சேர்த்துச் சொல்லிவிடாதீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது, மே மாதத்துக்குள் 360 அளவுக்குப் போய்விட்டது. மூன்று வருட ஹோஸ்டிங்கை ரூபாவில் பேசி வைத்தவர்கள் கைக்காசைப் போட்டார்கள். "அந்த அந்த வருடத்து விலைப்படி" என்று எழுதுங்கள்.

முற்பணத்துக்கு வங்கி ஸ்லிப்பின் படம் வந்தால் மட்டும் போதாது. கணக்கில் பணம் விழுந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். சொந்தக்காரருக்குச் செய்தாலும் முழுத் தொகையை எழுதி, கழிவைக் கீழே எழுதுங்கள். சும்மா செய்து கொடுத்த வேலைக்குத் திருத்தம் முடிவதே இல்லை.

4. சாவி அவரிடம் இருக்கட்டும்

டொமைனைத் தன் பெயரில் எடுத்து வைத்துக்கொள்வது நம் தொழிலில் பழைய கெட்ட பழக்கம். பிறகு தளம் செய்தவர் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய்விடுவார், முதலாளி தன் கடைப் பெயரையே இழந்து நிற்பார். நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

முதலாளியின் பெயரில் ஒரு ஜிமெயில் முகவரியை அவர் கண்முன்னேயே திறந்து, மீட்பு நம்பராக அவருடைய நம்பரைக் கொடுத்து, டொமைனை அந்த முகவரியில் எடுங்கள். டொட் எல்கே பெயர்களை எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரி பதிவு செய்கிறது. டொட் கொம் என்றால் எந்தப் பதிவாளரிடமும் (டொமைன் விற்கிற நிறுவனத்திடமும்) எடுக்கலாம். தமிழிலேயே முடிகிற டொட் இலங்கை முகவரியும் உண்டு. வெளிநாட்டு விருந்தினரால் அதை டைப் செய்ய முடியாது, ஆனால் தமிழ் மன்றத்துக்கோ பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்துக்கோ அழகாக இருக்கும்.

டொட் கொம்மைப் புதிதாக எடுத்தால் முதல் 60 நாளுக்கு வேறு பதிவாளரிடம் மாற்ற முடியாது. ஆகவே முதலிலேயே சரியான ஆளின் பெயரில் எடுங்கள். காலாவதியாகி, பதிவாளர் தருகிற சலுகை நாட்களும் முடிந்துவிட்டால், மீட்பதற்கு 30 நாள் உண்டு. அதற்குத் தண்டப்பணம் அதிகம். அதற்குப் பிறகு 5 நாளில் பெயர் விடுபட்டு, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலைக்கு வந்துவிடும்.

பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, வியாபாரப் பதிவுச் சான்றிதழ் இருக்கிற ஃபைலிலேயே வைக்கச் சொல்லுங்கள். பாதுகாப்பு நிபுணர்கள் முகம் சுளிப்பார்கள். கெஸ்ட் ஹவுஸ் முதலாளிக்கு அந்த ஃபைலை விடப் பத்திரமான இடம் வேறு கிடையாது.

5. விபரம் சேகரிப்பது

வேலைகள் செத்துப்போகிற இடம் இதுதான். "கன்டென்ட் அனுப்புங்க" என்று கேட்டால் ஒன்றும் வராது. அவர் எழுத்தாளர் இல்லையே. ஒரு நாளைக்கு ஒரு கேள்வி கேளுங்கள், வொய்ஸ் மெசேஜில் பதில் சொல்லச் சொல்லுங்கள். "முதலாளி, பெரிய ரூம்ல எத்தனை பேர் படுக்கலாம்? ஜன்னலத் திறந்தா என்ன தெரியும்?" இதற்கு அவர் அரை நிமிடத்தில் சொல்கிற பதில், "இயற்கை எழில் கொஞ்சும்" என்று நாம் ஜோடித்து எழுதுகிற எதையும் விட நன்றாக இருக்கும். அதைச் சுத்தமாக எழுதிப் போடுங்கள்.

படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துதான் வரும். டொக்கியூமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். அதை விட நல்லது, நீங்களே போய் எடுப்பது. நுவரெலியா, ஹப்புத்தளை பக்கம் பின்னேரத்தில் மூடுபனி இறங்கிவிடும், ஆகவே காலையிலேயே போங்கள். திரையை விலக்கி, விளக்கையும் போட்டு, அறையின் மூலையில் நின்று நெஞ்சு உயரத்தில் ஃபோனை நேராகப் பிடித்து எடுங்கள். குளிர்ப் பிரதேசம் என்பதால் குளியலறையில் கீசர் தெரியும்படி ஒரு படம் கட்டாயம் வேண்டும். கூகுளில் இருந்து ஒன்பது வளைவுப் பாலத்தின் படத்தை எடுத்துப் போடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதே பாலம் அதே கோணத்தில் எல்லாத் தளத்திலும் இருக்கிறது. உங்கள் முதலாளியின் மாடியில் இருந்து ரயில் தெரிகிறதா? அதை எடுங்கள்.

"வந்து சேரும் வழி" பக்கத்துக்கு நான் முகப்பை விடக் கூட நேரம் கொடுப்பேன். நுவரெலியாவில் ரயில் நிலையம் கிடையாது, நானுஓயாவில் இறங்கித்தான் வர வேண்டும். இது நமக்குச் சின்னப் பிள்ளையில் இருந்தே தெரியும். ஜெர்மனியில் இருந்து வருகிறவருக்குத் தெரியாது, ரயிலில் "நுவரெலியா" என்ற பெயர்ப்பலகையைத் தேடிக்கொண்டே ஹட்டனையும் கடந்து, நானுஓயாவையும் கடந்து போய்விடுவார். நல்லதண்ணிக்கு வருகிறவர் ஹட்டனில் இறங்கி, மஸ்கெலியா வழியாகப் போகிற பஸ்ஸை எடுக்க வேண்டும். எந்த நிலையம், அங்கிருந்து திரீவீலுக்கு உத்தேசமாக எவ்வளவு, கடைசி பஸ்ஸை விட்டால் யாருக்குக் கோல் எடுப்பது என்று முதலாளியிடம் கேட்டு அப்படியே எழுதுங்கள்.

அந்தப் பக்கத்தின் மேலே ஒரு அறிவிப்பு வரிக்கும் இடம் விடுங்கள். மழைக் காலத்தில் மண்சரிவால் தண்டவாளமோ பாதையோ மூடிவிட்டால், "இன்று ரயில் இல்லை, பஸ்ஸில் வாருங்கள்" என்று முதலாளி தன் ஃபோனிலேயே அந்த வரியை மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். தளத்தில் வேறு எதையும் அவரால் மாற்ற முடியாவிட்டாலும் பரவாயில்லை.

தமிழ் விபரங்கள் பழைய துண்டுப் பிரசுரத்திலோ வேர்ட் ஃபைலிலோ இருந்தால், அது அநேகமாகப் பாமினி எழுத்துருவில் இருக்கும். அப்படியே ஒட்டினால் தளத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பாமினியை யுனிகோடுக்கு மாற்றுகிற கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு கட்டாயம் ஒரு தடவை வாசியுங்கள். இடையில் ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரியையும் அந்தக் கருவி தமிழ் என்று நினைத்து மாற்றி வைத்திருக்கும்.

தேயிலை விற்கிறவர் வந்தால் ஒரு எச்சரிக்கை. "அந்த சிங்கத்தையும் போட்டுருங்க" என்பார். வாளேந்திய சிங்கச் சின்னம் இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமானது. முழுக்க முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இங்கேயே பொதி செய்த பக்கெட்டுக்கு, சபையின் அனுமதியோடுதான் அதைப் பயன்படுத்தலாம். அனுமதிக் கடிதத்தைக் காட்டினால் போடுங்கள், இல்லாவிட்டால் முடியாது என்று சொல்லுங்கள். பிஓபி, பிஓபிஎஃப், ஓபி என்ற பெயர்களுக்கும் ஒரு விளக்கம் தேவை. அவை இலையின் அளவையும் தோற்றத்தையும் குறிக்கிற தரப் பெயர்கள், இது மட்டம் இது உசத்தி என்ற வரிசை இல்லை. அதை இரண்டு வரியில் எழுதினாலே வாங்குகிறவருக்குப் பெரிய உதவி.

6. தமிழில் ஒரு பக்கம் வேண்டுமென்றால்

டியூஷன் வகுப்புக்கும் கோயிலுக்கும் தமிழ் இல்லாமல் முடியாது. கெஸ்ட் ஹவுஸுக்கு ஆங்கிலம் போதும். மூன்று மொழியிலும் வேண்டும் என்று ஆசைப்படுகிறவரிடம், ஒரு விலையை மாற்ற மூன்று இடத்தில் மாற்ற வேண்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள். அதைச் செய்ய ஆள் உண்டா? சிங்களப் பக்கத்தைக் கூகுள் மொழிபெயர்ப்பில் போடாமல், தெரிந்தவருக்குக் காசு கொடுத்து எழுதி வாங்குங்கள்.

நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்ற எழுத்துருக்கள் கூகுளில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் தமிழைப் போட்டால் மேல் வரியின் உகரக் காலும் கீழ் வரியின் இகரக் கொம்பும் முட்டிக்கொள்ளும். 1.7 அளவுக்குக் கூட்டுங்கள். எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டுவதும், சாய்வெழுத்தும் தமிழுக்குப் பொருந்தாது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக இருக்கிற பட்டன் தமிழில் "முன்பதிவு செய்யுங்கள்" என்று நீண்டுவிடும். ஆகவே வடிவமைக்கும்போதே உண்மையான தமிழ் வரிகளைப் போட்டுப் பாருங்கள். டெம்ப்ளேட்டில் வருகிற லத்தீன் நிரப்பு வரிகளை நம்பினால் கடைசியில் பட்டன் உடையும்.

ஊர்ப் பெயரை ஆட்கள் பலவிதமாகத் தேடுவார்கள். ஹட்டன் என்றும் அட்டன் என்றும் எழுதுவதால், இரண்டும் ஒரு இடத்திலாவது பக்கத்தில் வரட்டும். வகுப்புப் பிள்ளைகளுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் வசதி கேட்டால், தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துக்குறிதான், ஆங்கிலத்தில் 160 என்பதை முதலிலேயே சொல்லுங்கள். கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். பில் வந்த பிறகு சொன்னால் நம்ப மாட்டார்.

7. கட்டும்போது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபோனுக்குத்தான் முதலில் கட்ட வேண்டும், அதுவும் சிக்னல் கம்மியான ஃபோனுக்கு. கேமராவில் இருந்து வருகிற பல எம்பி படத்தை 1600 பிக்ஸல் அகலத்துக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் 200 கேபிக்குள் கொண்டுவாருங்கள். கூகுளின் அளவுகோலில் பக்கத்தின் பெரிய பகுதி 2.5 செக்கனுக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி செக்கனுக்குள் அசைய வேண்டும். ஃபைபர் இருக்கிற வீட்டில் சோதித்துவிட்டுச் சந்தோசப்படாதீர்கள். தோட்டத்தின் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிப் போய், ஒரு கோடு மட்டும் காட்டுகிற இடத்தில் நின்று திறந்து பாருங்கள்.

வட்ஸ்அப் பட்டனில் நம்பரை 94இல் தொடங்குங்கள். முன்னால் இருக்கிற பூச்சியமும் கூட்டல் குறியும் வரக் கூடாது. பாஸ்போர்ட் படத்தைப் பதிவேற்றச் சொல்கிற படிவம் வைக்க வேண்டாம். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது, அந்தப் படங்களைக் காவல் காக்கிற பொறுப்பு ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸுக்குத் தேவையில்லாத சுமை. வந்து சேர்ந்த பிறகு கவுன்டரில் பார்த்துக்கொள்ளட்டும்.

8. ஒப்படைப்பது

தளத்தை முதலில் தற்காலிக முகவரியில் காட்டுங்கள். மீதிப் பணம் விழுந்த பிறகு டொமைனில் ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு மீதியைக் கேட்டால் "பெருநாள் முடியட்டும் தம்பி" என்பார்.

ஒப்படைக்கிற அன்று பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் ஃபோனைத் தொடாதீர்கள். விலையையும் அறிவிப்பு வரியையும் அவரே மாற்றட்டும். தடுமாறினால் வாயால் சொல்லுங்கள். அதையே ஸ்கிரீன் ரெக்கோர்ட் செய்து, தமிழில் பேசி, இரண்டு நிமிட வீடியோவாக அவருடைய வட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். பிறகு வரப்போகிற பாதிக் கோல்களுக்கு அந்த வீடியோவே பதில்.

பராமரிப்புக்கு வருடக் கட்டணம் என்றால் எந்த மாதம் கட்ட வேண்டும், அதில் என்ன அடங்கும் என்று எழுதுங்கள்: டொமைன் புதுப்பித்தல், வேர்ட்பிரஸ் அப்டேட், பேக்கப், மாதத்துக்கு ஒரு சின்ன மாற்றம். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். புதுப்பிக்கும் திகதியை மட்டும் அவர் ஃபோன் கலண்டரில் போட்டுக் கொடுங்கள்.

"சின்ன வேலைதான் தம்பி, ஒரு நிமிசம்" என்று வருகிற புதுக் கோரிக்கைகளுக்கு முடியாது என்று சொல்லத் தேவையில்லை. "செய்யலாம் முதலாளி, இது பேசினதுக்கு மேல. இவ்வளவு ஆகும், அடுத்த வாரம் முடியும்" என்று எழுதி அனுப்புங்கள். உண்மையில் தேவைப்படுகிறவர் சரி என்பார். மற்றவர் அதை மறந்தே போவார்.

9. உங்கள் சொந்த டிஜிட்டல் பொருள்

ஒரே மாதிரி வேலையை மூன்றாவது ஆள் கேட்கும்போது, அதை ஒரு பொருளாகச் செய்ய முடியுமா என்று பாருங்கள். நான்கு அறைக்கு மேற்படாத ஹோம் ஸ்டேக்கு ஒரு பக்க டெம்ப்ளேட், சாப்பாட்டுக் கடைக்கு கியூஆர் மெனு, பூப்புனித நீராட்டு விழாவுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஃபோனிலேயே திருத்தக்கூடிய அழைப்பிதழ் மாதிரிகள் எல்லாம் நம் பக்கம் விலைபோகும். யாரும் கேட்காத ஒரு ஆப்பைச் செய்ய ஒரு வருடம் செலவழிக்காதீர்கள். அப்படிச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆப் நன்றாகத்தான் இருந்தது.

வாடிக்கையாளர் வேலையில் ஒருவரின் பழக்கத்தைத் தெரிந்துகொண்டு கட்டுகிறீர்கள். பொருளை வாங்குகிறவரை நீங்கள் பார்க்கவே போவதில்லை, அவரிடம் கேட்கவும் முடியாது. மறுநாள் யார் பார்த்துக்கொள்வார் என்றால், வாங்கியவரே. ஆகவே நாலு வசதியைக் குறைத்து, உடையாத ஒன்றைக் கொடுங்கள். மெனுவில் விலை மாற்ற கூகுள் ஷீட் போதுமென்றால் அதோடு நிறுத்துங்கள். கடைக்காரருக்குப் புது லொகின் வேண்டாம்.

உரிமத்தைப் பாருங்கள். கூகுள் எழுத்துருக்களில் பெரும்பாலானவை திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை. டெம்ப்ளேட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம், எழுத்துருவைத் தனியே விற்கக் கூடாது. மாதிரிப் பக்கத்தில் பழைய முதலாளியின் அறைப் படங்களைப் போடுவதானால் அவரிடம் கேட்டுப் போடுங்கள்.

பணம் வாங்குகிற வழியை, பொருளைச் செய்யத் தொடங்குமுன்னே தீர்மானியுங்கள். உள்ளூருக்கு லங்கா கியூஆர், பேஹியர் போன்ற இணையக் கட்டண வசதிகள், இல்லாவிட்டால் சாதாரண வங்கி மாற்றம் இருக்கிறது. வங்கியில் தொழில் பெயரில் கணக்குத் திறக்க வியாபாரப் பெயர்ப் பதிவு கேட்பார்கள், அதைப் பிரதேச செயலகத்தில் செய்யலாம். வெளிநாட்டுச் சந்தையில் விற்பதானால், அந்தத் தளம் இலங்கையில் உள்ள வங்கிக் கணக்குக்கோ பேயோனியர் என்ற பணச் சேவைக்கோ பணம் அனுப்புமா என்று பாருங்கள். பேபாலில் பணம் பெறுவது இங்கே நீண்ட காலமாகவே சிக்கல், அதை மட்டும் நம்பியிருக்கிற சந்தையைத் தவிர்த்துவிடலாம். வரவு செலவைத் தொடக்கத்தில் இருந்தே எழுதி வையுங்கள். 2025 ஏப்ரலில் தொடங்கிய வரி ஆண்டில் இருந்து தனிநபர் வரி நிவாரணம் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா. அந்த எல்லைக்குள் இருக்கிறீர்களா என்பதைக் காட்டவும் கணக்கு வேண்டும்.

கடைசியாக, விற்பனைப் பக்கத்திலேயே உதவியின் எல்லையை எழுதிவிடுங்கள்: எத்தனை மாதத்துக்கு, எந்த வழியில், எத்தனை நாளுக்குள் பதில், எது இலவசம், எதற்குக் காசு, பணம் திரும்பக் கிடைக்குமா. உதவிக்கென்று தனி வட்ஸ்அப் நம்பர் ஒன்றை எடுத்து, அதில் வேலை நேரத்தையும் தானியங்கிப் பதிலையும் போட்டு வையுங்கள். அழைப்பிதழ் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இரவு பத்து மணிக்குப் பிறகுதான் எழுத்துப் பிழையைக் கவனிப்பார்கள்.